சுவருக்குள் என்ன இருக்கிறது?

ஐடி கம்பெனியில் குப்பை கொட்டியவர்களுக்கு ‘லெவல் ஃபைவ்’ தெரிந்திருக்கும். ஆடிட் வருதுன்னா முந்தின வாரம் முழுக்க உட்கார்ந்து விடுபட்ட ஆவணங்களை நிரப்புவோம். லெவல் கிடைத்துவிடும். கோட் மட்டும் அப்படியேதான் இருக்கும்.

அந்த ஏணி பிறந்த ஊர் பிட்ஸ்பர்க். மென்பொருள் எழுதித் தருகிறவர்களை எவ்வளவு நம்பலாம் என்று அமெரிக்கப் பாதுகாப்புத் துறைக்குத் தெரிய வேண்டியிருந்தது. அதன் பணத்தில் 1984இல் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஒரு ஆய்வு மையம் தொடங்கியது. வாட்ஸ் ஹம்ஃப்ரியின் வழிகாட்டலில் அங்கே உருவானதுதான் ஐந்து படி முதிர்ச்சி மாதிரி.

வேடிக்கை என்னன்னா, அதே பல்கலைக்கழகத்தில்தான் 1975 வாக்கில் சார்லஸ் ஈஸ்ட்மன் இன்னொரு யோசனையில் இருந்தார். ஒரு சுவரை நகர்த்தினால் ப்ளான், செக்‌ஷன், எலிவேஷன் எல்லாவற்றையும் தனித்தனியாகத் திருத்த வேண்டும். ஒன்றை மறந்தால் சைட்டில் சண்டை. கட்டடத்தையே கணினியில் வைத்துவிட்டு, வரைபடங்களை அதிலிருந்து எடுத்தால் என்ன? இன்று ‘பிம்’ என்று சொல்வதன் விதை அது.

இரண்டு யோசனைகளும் பிரிட்டனில் சேர்ந்தன. 2008இல் மார்க் பியூ, மெர்வின் ரிச்சர்ட்ஸ் இருவரும் கட்டுமானத் துறைக்கு ஓர் ஏணி வரைந்தார்கள். லெவல் 0 என்றால் தாளும் கோடும். லெவல் 2இல் ஆளுக்கொரு மாடல், அவற்றைச் சேர்த்துப் பார்க்கலாம். லெவல் 3இல் எல்லாருக்கும் ஒரே மாடல். 2016க்குள் மத்திய அரசின் கட்டுமானப் பணிகள் லெவல் 2க்கு வர வேண்டும் என்று 2011இல் அரசு சொன்னது.

2017 ஜூன் 14 அன்று லண்டனில் 24 மாடி கிரென்ஃபெல் டவர் எரிந்தது. 72 பேர் இறந்தார்கள். முந்தைய வருடம்தான் புதுப்பித்திருந்தார்கள். வெளிச்சுவரில் பாலிஎதிலீன் வைத்த அலுமினியப் பலகைகள். குடியிருந்தவர்கள் தீ ஆபத்து பற்றி முன்பே எச்சரித்திருந்தார்கள். அது உள்ளாட்சிக் கட்டடம், லெவல் 2 உத்தரவு அதற்குப் பொருந்தாது. பிம் இருந்தால் தீ நின்றிருக்கும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் 2018இல் ஜூடித் ஹாக்கிட் கொடுத்த அறிக்கை, ஏணி கேட்காத கேள்வியைக் கேட்டது: என்ன பொருள் போட்டோம், யார் மாற்றினார்கள் என்ற தகவல் கட்டடம் உள்ளவரை அறுபடாமல் இருக்கிறதா? அதற்கு அவர் வைத்த பெயர் ‘பொன் இழை’.

2022இல் அது சட்டமானது. இங்கிலாந்தில் 18 மீட்டர் அல்லது 7 மாடியைத் தொடும் குடியிருப்புகளுக்கு அந்தத் தகவலை டிஜிட்டலாகப் பராமரித்தே ஆக வேண்டும். குடியிருப்பவர்கள் பாதுகாப்புத் தகவலைக் கேட்டு வாங்கலாம்.

லெவல் 2 என்பது பொறியாளர்கள் தங்களுக்குள் ஃபைல் மாற்றிக்கொள்வதை அளந்தது. ஏழாவது மாடியில் தூங்குகிறவர் தன் சுவரில் என்ன இருக்கிறது என்று கேட்டால் பதில் வருமா? முதிர்ச்சியை அங்கிருந்து அளக்க ஆரம்பித்திருக்கலாம்.