தழும்புகளின் விலை

பழைய அமெரிக்கக் காரொன்றுக்குப் புது வர்ணம் பூசினால் விலை கூடும் என்றே பலரும் நினைக்கின்றனர். அந்த நினைப்பைப் பொய்யாக்கிய கார் ஒன்றின் வரலாற்றை இங்கு பதிவு செய்ய விரும்புகிறேன்.

1968இல் வெளிவந்த 'புல்லிட்' திரைப்படத்தில், ஸ்டீவ் மக்குயின் சான் பிரான்சிஸ்கோ வீதிகளில் ஓட்டிய பச்சை நிற போர்ட் மஸ்டாங் அது. படப்பிடிப்பின் பின் கைமாறி, 1974இல் ரொபர்ட் கியர்னன் என்பவரிடம் 6,000 டொலருக்கு வந்து சேர்ந்தது. ஆசிரியையான அவரது மனைவி அதிலேயே பாடசாலைக்குச் சென்றுவந்தார். 1977இல் மக்குயினே கடிதமெழுதிக் காரைக் கேட்டார்; பதிலுக்கு வேறொரு மஸ்டாங் தேடித் தருவதாகவும் கூறினார். கியர்னன் இணங்கவில்லை. 1980இல் கிளச் பழுதடைய, கார் ஓட்டமின்றி நின்றது. மக்குயினும் அவ்வாண்டே காலமானார்.

2018இல் டிட்ரொயிட் கண்காட்சியில் அது மீண்டும் வெளிப்பட்டபோது, மங்கிய வர்ணமும், துருவும், கமரா பொருத்துவதற்கென ஒட்டப்பட்ட இரும்புத் தாங்கிகளும் அப்படியே இருந்தன. ஓடுவதற்கு வேண்டிய பாகங்கள் திருத்தப்பட்டனவேயன்றி, உடல் மினுக்கப்படவில்லை. 2020 ஜனவரியில் புளோரிடா ஏலத்தில், கட்டணங்கள் உட்பட 37 இலட்சத்து 40 ஆயிரம் டொலருக்கு அது விலைபோனது.

திரைப்படப் புகழ் மட்டும் இதற்குக் காரணமன்று. படத்தில் ஓடியது இதே கார்தான் என்பதற்கு அந்தத் தாங்கிகளும் சாட்சி. அவற்றை அகற்றி மினுக்கியிருந்தால், அழகிய மஸ்டாங் ஒன்று எஞ்சியிருக்கும், சாட்சியம் அழிந்திருக்கும்.

பழைய பத்திரிகைத் தாள்களுடன் காலங்கழித்தவன் என்ற வகையில் இது எனக்குப் புதிதன்று. மங்கிய எழுத்தின்மேல் புது மை தடவப்பட்ட தாளை எவரும் ஆவணமாக ஏற்பதில்லை. கார் வைத்திருப்போரும் வர்ணக்காரரை அழைக்குமுன் இதனைச் சற்றுச் சிந்திப்பது நல்லது.