சேர்த்தலும் சேர்தலும்

பெரகலச் சந்தியிலே பெருவழி இரண்டாகப் பிரிகின்றது. கொழும்பிலிருந்து இரத்தினபுரி, பலாங்கொடை வழியாக மலையேறி வரும் வீதியின் ஒரு கிளை அப்புத்தளை, பண்டாரவளை ஆகிய ஊர்களைக் கடந்து ஹாலி-எலவை அடையும். மற்றது கொஸ்லந்தையூடாக வெல்லவாயவை நோக்கி இறங்கும். இரு வழிகளின் அயலிலும் தேயிலைத் தோட்டங்கள் பரந்து கிடக்கின்றன. ஊவா மலைநாட்டின் இப்பகுதியில் ஒருவரையொருவர் அறிமுகம் செய்துகொள்ளும்போது எழும் கேள்வி, "நீங்கள் எந்தத் தோட்டத்தைச் சேர்ந்தவர்?" என்பதாகும். 'சேர்ந்தவர்' என்னும் அச்சொல்லுக்குள் நெடிய வரலாறு ஒன்று பொதிந்து கிடக்கின்றது.

சமுதாயத்தில் எவரும் புறத்தே நிற்கலாகாது, யாவரையும் உள்ளே சேர்த்துக்கொள்ளல் வேண்டும் என்பது இன்று உலக நாடுகள் பலவும் ஓதும் கொள்கை. 1974 ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டினரான ரெனே லெனுவார், விலக்கப்பட்டோரைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். அதன் பின்னரே விலக்கல், சேர்த்தல் என்னும் இரு சொற்களும் அரசியல் வழக்கிற் பெரிதும் பயின்றன. ஆயினும் உள்ளே இருப்பது என்றும் நன்மையே என எண்ணுதல் தகாது. ஆங்கிலத்தில் இப்பொருளைத் தரும் சொல்லின் இலத்தீன் வேருக்கு 'உள்ளே வைத்து அடைத்தல்' என்பதே பொருள்.

தமிழ்ச் சொற்களும் இவ்வுண்மையை உணர்த்துவன. 'உட்பட' என்றால் சேர்த்து என்று பொருள். ஆனால் 'உட்படுதல்' என்பது பிறர் ஆணைக்குக் கீழ்ப்படுதலையும் குறிக்கும். 'அடக்கம்' என்பது கணக்கில் அடங்குவதற்கும் பெயர்; பணிவுக்கும் பெயர்; மண்ணில் புதைப்பதற்கும் பெயர். 'சேர்' என்னும் வினை மட்டும் இரு திசையிலும் இயங்குவது. ஒருவன் சேர்கின்றான், மற்றவன் சேர்க்கின்றான். இருவர் உள்ளமும் இசைந்தாலன்றி அவ்வினை நிறைவெய்தாது.

தோட்டத் தொழிலாளர் எத்தனையோ ஏடுகளில் உட்பட்டிருந்தனர். விடியற்காலையிற் பிரட்டுக்களத்தில் கூடியோரின் பெயர்கள் செக்ரோல் என்னும் வரவேட்டிற் பதியப்பட்டன. ஒரு நாட்கூலிக்கே 'பேர்' என்பது பெயராயிற்று. வேலை குறைந்தால் 'அரைப்பேர்'தான் விழும். கங்காணியிடம் பட்ட கடன் 'துண்டு' என்னும் சீட்டில் ஏறியது. அக்கடனைத் தீர்க்காமல் வேறு தோட்டத்துக்குப் போக வழியில்லை. அம்முறை 1921 இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. பொருளியலறிஞர் அமர்த்தியா சென் 2000 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வொன்றில், விலக்கப்படுவதால் வரும் கேடு வேறு, தகாத நிபந்தனைகளோடு சேர்க்கப்படுவதால் வரும் கேடு வேறு எனப் பிரித்துக் காட்டினார். இவற்றுள் இரண்டாவதற்குத் தோட்டத்து வாழ்வு தக்க சான்றாகும்.

தோட்டத்தின் எல்லைக்கு மறுபுறமும் ஒரு கதை உண்டு. மலைகள் தோட்டங்களாக மாறியமையால் கண்டிச் சிங்களக் கிராமத்தவர் தம் நிலத்தின் விரிவை இழந்தனர். 1951 இல் வெளிவந்த கண்டியக் குடியானவர் ஆணைக்குழு அறிக்கை அவர்களது வறுமையை எடுத்துரைத்தது. ஒரே எல்லைக்கோடு ஒரு சாராரை உள்ளே அடைத்தது. மற்றொரு சாராரை வெளியே நிறுத்தியது. பின்னாளில் இருவரையும் எதிரெதிராக நிறுத்தி வழக்காடுவது அரசியலுக்கு எளிதாயிற்று.

1931 இல் இலங்கையில் சர்வசன வாக்குரிமை வந்தபோது, இந்திய வமிசாவளியினருக்குக் குடியிருப்பு நிபந்தனைகள் விதிக்கப்பட்டன. அவற்றைக் கடந்து வாக்குரிமை பெற்றோர் 1947 ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் வாக்களித்தனர். இலங்கை இந்தியக் காங்கிரசு 7 இடங்களைப் பெற்றது. மறு ஆண்டு நாடு விடுதலை அடைந்தது. அவ்வாண்டிலேயே நிறைவேறிய 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம், தந்தையோ, தந்தைவழிப் பாட்டனும் பூட்டனுமோ இலங்கையிற் பிறந்தமையை நிறுவும்படி கேட்டது. பிறப்புச் சான்று இல்லாத லயன் அறைகளில் வாழ்ந்தோர் அதனை எங்ஙனம் நிறுவுவர்? 1949 இல் வாக்குரிமையும் பறிபோயிற்று. 1952 ஆம் ஆண்டுத் தேர்தலில் அவர்கள் சார்பில் ஒருவரும் தெரிவாகவில்லை. தேயிலையின் ஏற்றுமதிக் கணக்கில் அவர்கள் உழைப்பு அடங்கியது. நாட்டின் குடிகள் கணக்கில் அவர்கள் அடங்கவில்லை.

1964 ஒக்டோபர் 30 இல் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஓர் உடன்படிக்கை செய்தனர். 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு எனப் பிரிக்கப்பட்டது. எஞ்சிய 1,50,000 பேரை 1974 இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பகிர்ந்தன. உறவினர் ஒரு கரையிலும் மற்றையோர் மறு கரையிலுமாயினர். சேர்ப்பவர்கள் கையொப்பமிட்டனர், சேரவேண்டியவர்களின் விருப்பம் அந்த எண்ணிக்கையை வகுக்கவில்லை. 1964 ஒக்டோபர் 30 முதல் இலங்கையில் நிலையாக வாழ்ந்த இந்திய வமிசாவளியினருக்கும் அவர் வழித்தோன்றல்களுக்கும் குடியுரிமை அளிக்கும் சட்டம் 2003 இலேயே வந்தது.

குடியுரிமை வந்தபின்னும் சேர்த்தல் நிறைவெய்தவில்லை. 1987 ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டப்படி, வாக்களிக்கும் தோட்டத்தவருக்குச் சபை நிதியிலிருந்து பாதையோ நீரோ அமைத்துத் தருவதற்குத் தடை இருந்தது. அச்சட்டம் 2018 இலேயே திருத்தப்பட்டது. அதற்கு முன்பே, 2014 ஒக்டோபர் 29 ஆம் நாள், பெரகலவுக்கு அப்பால் கொஸ்லந்தைப் பகுதியிலுள்ள மீரியபெத்தையில் மலை சரிந்து லயன் வரிசைகளை மூடிற்று. அம்மலைச்சரிவு ஆபத்தானது என்னும் எச்சரிக்கை முன்னரே விடுக்கப்பட்டிருந்தது. ஆனால் வேலையோடு பிணைந்த குடியிருப்பைவிட்டுச் செல்வதற்குச் சொந்த நிலம் வேண்டும். அது அவர்களிடம் இல்லை. 'அடக்கம்' என்னும் சொல்லின் மூன்று பொருளும் அன்று அந்த மலைச்சரிவில் ஒன்றாயின.

ஏட்டிற் பெயர் எழுதுவது சேர்த்தலின் தொடக்கமேயன்றி முடிவன்று. தான் வாழும் இடத்தின் மீது ஒருவருக்கு உரிமை உண்டாகி, அவ்விடத்தின் காரியங்களில் அவர் சொல்லும் ஏறும்போதே சேர்த்தல் சேர்தலாகக் கனியும். பெரகல வழியே செல்லும் ஒருவரிடம் "எந்தத் தோட்டத்தைச் சேர்ந்தவர்?" என்று கேளாது, "எந்த ஊரைச் சேர்ந்தவர்?" என்று கேட்கும் நாள் வருதல் வேண்டும். தோட்டத்தில் வேலை செய்வோர் இருப்பர். ஊரிலேதான் குடிகள் இருப்பர்.