தலைவலிக்கும் ஸ்கேனுக்கும் இடைப்பட்ட வாரங்கள்

பிள்ளைகளுக்கு வரும் புற்றுநோய்களில் ரத்தப் புற்றுநோய்க்கு அடுத்தபடியாக அதிகம் காணப்படுவது மூளைக்கட்டி. பிரிட்டனில் மட்டும் ஆண்டுதோறும் ஏறத்தாழ 500 சிறார்களுக்கு இது கண்டறியப்படுகிறது. விழிப்புணர்வு என்றாலே செப்டம்பர் மாத ஊர்வலங்களும் பொன்னிற ரிப்பன்களும்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். நோயின் பெயரைப் பரப்ப அவை உதவலாம். விடிந்ததும் வாந்தியெடுக்கும் பிள்ளையின் தாய்க்கு அவை வழிகாட்டுவதில்லை. எந்த அறிகுறி, எத்தனை வாரம், அடுத்து யாரிடம் போவது என்ற மூன்றையும் சொல்லும் பிரசாரமே பலன் தரும். பிரிட்டனின் ‘ஹெட்ஸ்மார்ட்’ இயக்கம் இதற்குத் தெளிவான சான்று.

சிறுவயது மூளைக்கட்டிகளில் பெரும்பகுதி சிறுமூளையை ஒட்டிய பின்மண்டைப் பகுதியில் தோன்றுகிறது. அங்குள்ள நான்காவது மூளையறை அடைபட்டால், மூளைத் தண்டுவட நீர் வடிய வழியின்றித் தேங்கி மண்டைக்குள் அழுத்தம் ஏறும். படுத்திருக்கையில் அழுத்தம் கூடுவதால் தலைவலியும் வாந்தியும் காலையில் கடுமையாக இருந்து, எழுந்து நடமாடியதும் தணியலாம். சிறுமூளை பாதிக்கப்பட்டால் நடை தள்ளாடும். கைக்குழந்தைக்கு வலியைச் சொல்லத் தெரியாது. தலைச் சுற்றளவு மட்டும் வேகமாகப் பெருகும். தனித்தனியே பார்த்தால் இவை அஜீரணமாகவோ, கண்ணாடி போட்டால் சரியாகும் பார்வைக் குறையாகவோ, பள்ளிக்குப் போக மறுக்கும் அடமாகவோதான் தோன்றும்.

நாட்டிங்காமைச் சேர்ந்த மருத்துவர் சோஃபி வில்னும் சக ஆய்வாளர்களும் 2007இல் ‘லான்செட் ஆன்காலஜி’ இதழில் ஒரு தொகுப்பாய்வை வெளியிட்டனர். 74 ஆய்வுகளில் இடம்பெற்ற 4,171 சிறார்களின் விவரங்களை அவர்கள் திரட்டியிருந்தார்கள். மண்டைக்குள் கட்டி இருந்தவர்களில் 33 விழுக்காட்டினருக்குத் தலைவலி. 32 விழுக்காட்டினருக்குக் குமட்டல் அல்லது வாந்தி. 27 விழுக்காட்டினருக்கு நடையிலும் உடல் ஒருங்கிணைப்பிலும் கோளாறு. தலைவலி இல்லை என்பதற்காக நிம்மதி கொள்ள இயலாது என்பதை இந்தக் கணக்கே உணர்த்துகிறது.

இந்த ஆய்வின் தொடர்ச்சியாக மருத்துவர்களுக்கான வழிகாட்டுநெறி 2008இல் வந்தது. பொதுமக்களுக்கான ‘ஹெட்ஸ்மார்ட்’ 2011இல் தொடங்கியது. ஐந்து வயதுக்கு உட்பட்டோர், 5 முதல் 11 வரை, 12 முதல் 18 வரை என வயதுவாரியாக அறிகுறி அட்டைகள் அச்சிடப்பட்டன. நான்கு வாரம் நீடிக்கும் தலைவலியும் இரண்டு வாரம் நீடிக்கும் வாந்தியும் கவனத்துக்குரியவை என்று வழிகாட்டுநெறி வரையறுத்தது. முதல் அறிகுறிக்கும் நோய் உறுதியாவதற்கும் இடைப்பட்ட காலத்தின் இடைநிலை அளவு 2006இல் 14.4 வாரம். 2013இல் அது 6.7 வாரமாகக் குறைந்தது.

இதற்கு எதிராக இரண்டு வாதங்கள் எழுகின்றன.

தலைவலி வரும் பிள்ளைகளில் மிகச் சிலருக்கே கட்டி இருக்கும். இத்தகைய பிரசாரம் பீதியைக் கிளப்பி ஸ்கேன் வரிசையை நீட்டும் என்பது முதலாவது. கால வரம்பும் அறிகுறிகளின் சேர்க்கையும் வற்புறுத்தப்படுவது இதனால்தான். ஒருநாள் தலைவலிக்கு எந்த அட்டையும் ஸ்கேன் கேட்கச் சொல்வதில்லை.

இரண்டாவது வாதம் வலுவானது. வேகமாக வளரும் கட்டி தானாகவே சீக்கிரம் வெளிப்பட்டுவிடும். ஆகவே கண்டறியும் காலம் குறைந்தால் ஆயுள் கூடும் என்று நேர்க்கோடு போட முடியாது. நிலவில் கால்பதித்த நீல் ஆம்ஸ்ட்ராங்கின் மகள் கேரனை 1962இல் பறித்தது மூளைத்தண்டுக் கட்டி. அவ்வகை நோயில் பெரும்பாலான பிள்ளைகள் இன்றும் இரண்டு ஆண்டுகளைத் தாண்டுவதில்லை. ஆனால் மெதுவாக வளரும் கட்டிகளில், தாமதமாகும் ஒவ்வொரு வாரமும் பார்வை நரம்பை நிரந்தரமாகச் சிதைக்கக்கூடும். பிழைத்த பிள்ளை கண்ணொளியோடு பள்ளிக்குத் திரும்புவதையும் மருத்துவத்தின் வெற்றியாகவே எண்ண வேண்டும்.

உலக சுகாதார நிறுவனம் 2018இல் தொடங்கிய சிறார் புற்றுநோய்த் திட்டம், 2030க்குள் குறைந்தது 60 விழுக்காட்டுப் பிள்ளைகளைப் பிழைக்கவைக்க இலக்கு வகுத்தது. அதில் முன்னுரிமை பெற்ற ஆறு புற்றுநோய்களில் மெதுவாக வளரும் மூளைக்கட்டியும் ஒன்று. ஸ்கேன் வசதி எட்டாத ஊரில் அறிகுறி அட்டை மட்டும் போதாது. இரண்டும் சேர்ந்தே போய்ச்சேர வேண்டும். அதோடு முதல் அறிகுறி தெரிந்த நாளையும் நோய் உறுதியான நாளையும் மருத்துவமனைகள் பதிவேட்டில் குறித்துவைப்பது அவசியம். பிரசாரத்துக்கு முன்பே 2006ஆம் ஆண்டின் கணக்கு கையில் இருந்ததால்தான் பிரிட்டனால் 2013இன் மாற்றத்தை அளந்து காட்ட முடிந்தது.