மீனுக்கு வைத்த தேர்வுகள்

மீனுக்கு அறிவு உண்டா, தன்னை அடக்கிக்கொள்ளும் ஆற்றல் உண்டா என்னும் வினாக்களை மேனாட்டு ஆராய்ச்சியாளர் சோதனை வாயிலாகக் கேட்கத் தொடங்கி ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகள் ஆகின்றன. கிடைத்த விடைகளோ காலத்துக்குக் காலம் வேறுபட்டிருக்கின்றன. இவ்வேறுபாட்டுக்கு மீனைவிட வினாவை அமைத்தவர்களே பெரிதும் காரணம் என்பது என் கருத்து. தேர்வுத் தாள் திருத்திப் பழகிய ஆசிரியர்களுக்கு இது புதிய செய்தியன்று.

ஜெர்மனியில் கீல் நகரப் பல்கலைக்கழகத்தில் விலங்கியல் பேராசிரியராக விளங்கியவர் கார்ல் மோபியஸ். ஸ்ட்ரால்சுண்ட் என்னும் ஊரைச் சேர்ந்த அம்ட்ஸ்பெர்க் என்பாரின் சோதனை ஒன்றை அவர் 1873ஆம் ஆண்டில் எழுதி வெளியிட்டார். ‘பைக்’ என்பது ஐரோப்பிய ஆறுகளிலும் ஏரிகளிலும் வாழும் மீன்; நம் நாட்டு விராலைப் போலப் பதுங்கியிருந்து பாய்ந்து இரை பிடிப்பது. அதனைத் தொட்டியின் ஒரு பக்கத்தில் விட்டு, நடுவே கண்ணாடித் தடுப்பு நிறுத்தி, மறுபக்கத்தில் சிறு மீன்களை விட்டார்கள். பைக் பாயும், கண்ணாடியில் மோதும், சில வேளைகளில் நினைவிழந்து கிடக்கும். மூன்று மாதம் இவ்வாறு மோதிய பின்னர் அது பாய்வதை நிறுத்திக்கொண்டது. அப்போது கண்ணாடியை எடுத்துவிட்டார்கள். சிறு மீன்கள் பக்கத்திலேயே நீந்தித் திரிந்தும் பைக் அவற்றைத் தீண்டவில்லை.

டார்வின் இச்செய்தியைத் தம் ‘மனிதனின் தோற்றம்’ என்னும் நூலின் 1874ஆம் ஆண்டுப் பதிப்பில் சேர்த்துக்கொண்டார். கண்ணாடியையே அறியாத மனிதன் ஒருவன் ஒரு முறை அதில் மோதிக்கொண்டால், தடுத்தது யாது என்று எண்ணிப் பார்ப்பான். பைக்கின் எளிய மூளையிலோ அடியும் அந்த மீன்களும் ஒன்றாகப் பிணைந்துவிட்டன என்பது அவர் கொண்ட முடிவு.

பிற்காலத்தில் இக்கதை மேடைகளிலும் ஆசிரியர் கூட்டங்களிலும் ஏறிவிட்டது. தோல்விக்குப் பழகியவன், வழி திறந்த பின்னும் முயலமாட்டான் என்பதற்கு உவமையாக இதனைப் பல முறை கேட்டிருக்கிறேன். சொல்பவர்கள் ஒரு பகுதியை விட்டுவிடுகிறார்கள். பின்னர்ப் புதிதாக விடப்பட்ட வேறு மீன்களை அதே பைக் பிடித்துத் தின்றது என்று டார்வினே எழுதியிருக்கிறார். ஆகவே அது ஊக்கம் இழந்து கிடக்கவில்லை. எந்த மீன்களை நாடி அடிபட்டதோ அவற்றை இனங்கண்டு விலக்கியது. இதனை மந்தபுத்தி என்று எப்படிச் சொல்வது? கண்ணாடி எந்த ஆற்றிலும் இல்லாத பொருள் அல்லவா?

இன்னொரு குறையும் அச்சோதனையில் உண்டு. அடிக்கு அஞ்சி அடங்குவது வேறு. பின்வரும் நலத்தைக் கருதித் தானே தன்னை அடக்கிக்கொள்வது வேறு. கண்ணாடித் தடுப்பு இவ்விரண்டையும் பிரித்துக் காட்டாது. பிரம்பைக் கண்டு வாய்மூடிய வகுப்பை ஒழுக்கமுள்ள வகுப்பு என்று எண்ணி மகிழும் ஆசிரியரும் இதே பிழையைத்தான் செய்கிறார்.

1899ஆம் ஆண்டில் அமெரிக்க உளநூலார் தார்ண்டைக், தொட்டித் தடுப்பில் இருந்த இடைவெளியை மீன்கள் கண்டுபிடித்து, திரும்பத் திரும்பப் பழகியபின் விரைவாகக் கடந்தன என்று காட்டினார். ஆசிரியப் பயிற்சி பெற்ற எவரும் அறிந்த அதே தார்ண்டைக்தான். 1901இல் டிரிப்லெட் என்பவர் பைக்குக்குப் பதில் பெர்ச் மீனைக் கொண்டு பழைய சோதனையைத் திரும்பவும் செய்தார். புதுமை ஏதுமில்லை.

வினாவின் குறையை வெளிப்படையாகக் காட்டியவர் கார்ல் வான் ஃபிரிஷ். மீன்களுக்குக் காது கேளாது என்று அக்காலத்து அறிஞர் பலர் நம்பினர். ஊதிப் பார்த்தார்கள், மீன் அசையவில்லை. வெறும் சீழ்க்கை ஒலியால் மீனுக்கு என்ன பயன்? வான் ஃபிரிஷ் பார்வையற்ற கெளிற்று மீன் ஒன்றுக்கு உணவிடும்போதெல்லாம் சீழ்க்கை அடித்தார். சில நாளில் சீழ்க்கை கேட்டதுமே மீன் தன் மறைவிடத்தை விட்டு வெளிவந்தது. 1923இல் இதனை வெளியிட்டார். தேனீக்களின் நடனத்தை ஆராய்ந்து 1973இல் நோபல் பரிசில் பங்கு பெற்றவர் இவரே.

தன்னடக்கத்துக்குத் தக்க வினா கிடைத்தது பவளப்பாறையில்தான். நம் கிழக்குக்கரைத் தீவுகளிலும் காணப்படும் துப்புரவு மீன், விரல் நீளமே உள்ளது. பெரிய மீன்கள் அதனிடம் வந்து நிற்கும்; அவற்றின் உடலில் ஒட்டிய புல்லுருவிகளை அது பொறுக்கித் தின்னும். ஆனால் அதற்கு உண்மையில் பிடித்தது வாடிக்கை மீனின் மேலுள்ள வழவழப்பான கோழை. அதனைக் கடித்தால் வாடிக்கை மீன் துள்ளி ஓடிவிடும், அல்லது துரத்தும். ஆகவே நாவுக்கு இனியதை விட்டுவிட்டுப் பிடிக்காததைத் தின்றால்தான் பிழைப்பு நடக்கும். ரெடுவான் பிஷாரி, அலெக்ஸாண்ட்ரா கிரட்டர் என்னும் இருவரும் இதனைத் தட்டுகளில் வைத்துச் சோதித்து 2005இல் வெளியிட்டனர். தட்டில் இறாலும் மாவுணவும் இருக்கும். இறாலைத் தொட்ட மாத்திரத்தில் தட்டு விலகும், அல்லது மீனைத் துரத்தும். மீன்கள் இறாலை விட்டுவிட்டு மாவுணவைத் தின்னக் கற்றுக்கொண்டன. வேறொரு மீன் பார்த்துக்கொண்டிருந்தால் இன்னும் ஒழுங்காக நடக்கின்றன என்பது 1 ஆண்டு கழித்து வந்த செய்தி. மேற்பார்வையாளர் வரும் நாளில் பள்ளிகளிலும் இதைக் காணலாம்.

2012இல் வெளியான சோதனை பலரை வியக்கவைத்தது. இரண்டு தட்டுகள், இரண்டிலும் ஒரே உணவு. ஒன்று காத்திருக்கும், மற்றது, முதலில் அதனிடம் வராவிட்டால் எடுக்கப்பட்டுவிடும். போகக்கூடியதை முதலில் தின்றால் இரண்டும் கிடைக்கும். வளர்ந்த துப்புரவு மீன்கள் இதில் சிம்பன்சி, ஓராங் ஊத்தான், கபுச்சின் குரங்கு ஆகியவற்றை விஞ்சின. இளம் மீன்கள் அவ்வாறு வெல்லவில்லை. குரங்குகளைத் தாழ்த்திப் பேச அவசரப்படவேண்டாம்: 2016இல் சோதனை அமைப்பைச் சற்று மாற்றியதும் குரங்குகளும் முன்னிலும் நன்றாகச் செய்தன. பைக்குக்கு நேர்ந்த அநியாயம் இம்முறை குரங்குக்கு நேர்ந்தது!

இத்தாலியின் படுவா நகர ஆராய்ச்சியாளர்கள் 2017இல் கண்ணாடியைத் திரும்பவும் கையில் எடுத்தார்கள். இம்முறை அடி இல்லை. நம் சாக்கடைகளிலும் கூட்டங்கூட்டமாய்த் திரியும் கப்பி மீனுக்கு, உள்ளே தெரியும் குழாயில் உணவு வைத்தனர். நேரே பாய்ந்தால் குழாய்ச் சுவரில் முட்டும்; தன்னை அடக்கிச் சுற்றிப் போனால் திறந்த முனை வழியே உணவு கிடைக்கும். நூற்றுக்கு 58 முறை கப்பி சுற்றிப் போயிற்று. பறவைகளும் பாலூட்டிகளும் பல இத்தேர்வில் பெறும் மதிப்பெண் ஏறக்குறைய இவ்வளவே.

2021இல் பிஷாரி குழுவினர் காத்திருக்கும் பொறுமையை நேராகவே அளந்தனர். உடனே கிடைப்பதை விட்டு, பின்னர் வரும் நல்லுணவுக்குக் காத்திருப்பதில் துப்புரவு மீன் குரங்கினங்களுக்கு இணையாக நின்றது. ஆனால் துப்புரவுத் தொழிலே செய்யாத அதன் உறவு மீன்களும் அவ்வாறே காத்திருந்தன. ஆகவே தொழில்தான் இவ்வடக்கத்தைப் பழக்கியது என்ற விளக்கம் மட்டும் போதாது; அடுத்த வினாவை இங்கிருந்துதான் அமைக்கவேண்டும்.