320 கார்டை உடைத்த கதை

போன மாதம் அக்கா மகன் ஃபோனும் கையுமாக வந்து நின்றான். ஹார்த்ஸ்டோன் ஆடுகிறான். "மாமா, ஒரு லெஜண்டரியாவது வாங்கித் தாங்க. இல்லாம ஜெயிக்கவே முடியாது கேட்டியளா" என்றான்.

"அதுக்கு எம்பிட்டு சக்கரம்லே?" என்றாள் அம்மா. நாகர்கோவிலில் பழைய ஆட்களுக்குப் பணம் இன்னும் சக்கரம்தான்.

"ஜெயிக்கவே முடியாது" என்ற பேச்சு என்னைக் குடைந்தது. அது உண்மையா என்று தேட உட்கார்ந்தேன்.

கதை 1993-இல் தொடங்குகிறது. ரிச்சர்ட் கார்ஃபீல்டு என்ற அமெரிக்கக் கணித ஆய்வாளர் 'மேஜிக்: த கேதரிங்' விளையாட்டை உருவாக்கினார். கார்டுகள் மூடிய பாக்கெட்டில் வரும், பிரித்தால்தான் உள்ளே என்ன என்று தெரியும். பலமான சில கார்டுகளை அரிதாக வைத்தார். ஆள் ஒருவர் கொஞ்சம் பாக்கெட்தான் வாங்குவார், ஆகவே அப்படிப்பட்ட கார்டு அவரிடம் ஒன்றிரண்டுக்கு மேல் சேராது என்பது எண்ணம். ஜனங்கள் பெட்டி பெட்டியாக வாங்கினார்கள். ஒரே கார்டை எத்தனை வேண்டுமானாலும் வைத்து ஆடலாம் என்பதால், பணம் இருந்தவன் பலசாலி ஆனான். நான்குக்கு மேல் கூடாது என்ற போட்டி விதி பிறகுதான் வந்தது.

இதற்கு ஆட்டக்காரர்களே ஒரு பதில் வைத்திருந்தார்கள். அதன் பெயர் பாப்பர், அதாவது பரம ஏழை. காமன் எனப்படும் சாதாரணக் கார்டுகளை மட்டும் வைத்து ஆட வேண்டும். மேஜிக்கின் ஆன்லைன் வடிவத்தில் வளர்ந்த இந்த முறைக்கு அங்கே 2008-லும், அச்சுக் கார்டுகளுக்கு 2019-லும் அதிகாரபூர்வ அங்கீகாரம் கிடைத்தது. வேடிக்கை என்னவென்றால், அந்த ஏழைகள் ஆட்டத்திலும் சில கார்டுகளைத் தடை செய்ய வேண்டி வந்தது. அவ்வளவு பலம்! அரிதானது வேறு, பலமானது வேறு.

ஹார்த்ஸ்டோன் 2014-இல் வந்தது. 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் காட்சிப் போட்டியாக நடந்தபோது குஜராத்தின் தீர்த் மேத்தா அதில் வெண்கலம் வாங்கினார். இதில் கார்டை நண்பனுக்குக் கொடுக்கவோ மாற்றவோ முடியாது. வேண்டாததை உடைத்தால் 'டஸ்ட்' என்ற தூள் கிடைக்கும். அதைக்கொண்டு வேண்டிய கார்டைச் செய்துகொள்ளலாம்.

இங்கேதான் கணக்கு. லெஜண்டரி செய்ய 1600 தூள், உடைத்தால் 400. நாலில் ஒன்று திரும்பி வருகிறது. காமன் செய்ய 40, உடைத்தால் 5. எட்டில் ஒன்றுதான். ஏழையின் கார்டுக்கு நஷ்டம் அதிகம். திருவிதாங்கூர் ரூபாய்க்கு 28 சக்கரம், பிரிட்டிஷ் ரூபாய்க்கு 28½ சக்கரம் என்று கணக்குப் பார்த்த ஊர் இது. ஆரல்வாய்மொழி தாண்டிப் போன வியாபாரி இந்த விகிதத்தைக் கேட்டால் சிரித்திருப்பார்.

அக்கா மகன் என்ன செய்திருக்கிறான் தெரியுமா? கையில் இருந்த காமன்களை உடைத்து லெஜண்டரிக்குத் தூள் சேர்த்துக்கொண்டிருக்கிறான். வெறும் காமன்களை உடைத்தே ஒரு லெஜண்டரி செய்ய 320 கார்டு வேண்டும்!

மறுபக்கம் பாருங்கள். டெக்குக்கு 30 கார்டு. ஒரே காமனை இரண்டு வைக்கலாம். முப்பதும் காமன் என்றாலும் 1200 தூள்தான். ஒரு லெஜண்டரியின் விலையைவிட 400 குறைவு. அடிப்படைக் கார்டுகள் இலவசம் என்பதால் உண்மையில் இன்னும் குறையும்.

ஆரம்ப காலத்தில் 'ஸூ' என்ற வார்லாக் டெக் இப்படித்தான் பெயர் வாங்கியது. பெரும்பாலும் விலை குறைந்த சின்னச் சின்ன உயிர்கள். முதல் சுற்றிலிருந்தே களத்தை நிரப்பிவிடும். கை காலியானால் இரண்டு மானாவும் இரண்டு உயிரும் கொடுத்து இன்னொரு கார்டை உருவிக்கொள்ளும். எதிராளியின் பெரிய கார்டு வெளியே வருமுன் ஆட்டம் முடிந்திருக்கும்.

ஆக, மலிவு டெக் என்பது விலை உயர்ந்த டெக்கின் ஓட்டைப் பிரதி அல்ல. நாலு லெஜண்டரிக்குப் பதில் நாலு சில்லறையைச் சொருகினால் தோல்விதான். ஒரே ஒரு எண்ணத்தை, பெரும்பாலும் வேகத்தை, முப்பது கார்டும் சேர்ந்து சுமக்க வேண்டும்.

பணம் கொடுக்கவில்லை. இரண்டு பேரும் உட்கார்ந்து ஒரு டெக் கட்டினோம். மூன்று ஆட்டம் தோற்று நான்காவதில் ஜெயித்தான். தேவைப்பட்ட ஒரு காமன் மட்டும் அவனிடம் இல்லை. "அதை நான்தான் உடைச்சிட்டேன் மாமா" என்றான்.

வடசேரியில் நாங்கள் தீப்பெட்டிப் படம் சேர்த்த காலத்தில், கூடுதலாக இருப்பதைச் சின்னப் பையன்களுக்குக் கொடுத்துவிடுவோம். அவனுக்கு அப்படிக் கொடுக்க வழியில்லை, உடைக்கத்தான் வழியிருக்கிறது.