கல்லறைத் தோட்டத்துக் குடித்தனக்காரர்கள்

ஆவடியில் எங்கள் தெருக் கோடியில் ஒரு பழைய மாதா கோவில் இருக்கிறது. அதை ஒட்டிக் கல்லறைத் தோட்டம். அங்கே புதிதாக யாரையும் அடக்கம் செய்து பல வருஷங்கள் ஆகிவிட்டன. ஆனாலும் குடித்தனக்காரர்களுக்குக் குறைவில்லை. புளியமரப் பொந்தில் ஒரு ஜோடி ஆந்தை. சுவரோரத்தில் கீரிப்பிள்ளைக் குடும்பம். சிலுவையின் உச்சியில் ஏறிக்கொண்டு, யார் என்ன சொன்னாலும் தலையாட்டும் ஓணான். காலை வேளையில் செம்போத்து ஒன்று, பரீட்சை மண்டபத்தில் உலாவும் வாத்தியாரைப் போலக் கல்லறைகளின் நடுவே நடந்து வரும். இவை போதாதென்று, மதில் இடிந்த வழியாக ஏழெட்டு ஆடுகளை ஓட்டிக்கொண்டு ஓர் ஆயா வருவாள். வெயில் ஏறிய பிறகு ஆட்டோக்காரர் ஒருவர் சமாதி நிழலில் துண்டை விரித்துப் படுத்துவிடுவார்.

சென்ற மழைக்காலத்துக்கு முன்னால் தெருவாசிகள் சிலர் என் வீட்டுக்கு வந்தார்கள். "சார், நீங்கள் எழுதுகிறவர். கோவில் சபைக்கு ஒரு மனு எழுதிக் கொடுங்கள். மதிலை அடைத்து, ஆடுகளை விரட்டி, கதவுக்குப் பூட்டுப் போடச் சொல்ல வேண்டும்" என்றார்கள். எனக்கும் இறந்தவர்களிடம் மரியாதை உண்டு. உட்கார்ந்து பிரமாதமாக ஒரு மனு எழுதினேன். 'இறந்தோர் துயிலும் புனித மண், விலங்குகளின் கொட்டிலாகவும் சோம்பேறிகளின் சத்திரமாகவும் ஆகிவிட்டது' என்று அதில் ஒரு வாக்கியம். அந்த வாக்கியத்தில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு. முதல் கையெழுத்தும் என்னுடையதுதான்.

பிறகு ஒரு நாள், எழுதிக்கொண்டிருந்த கதைக்காகப் பழைய சென்னையைப் பற்றி லவ் என்ற ஆங்கிலேயர் எழுதி 1913-இல் வெளிவந்த பெரிய சரித்திரத்தைப் புரட்டினேன். புரட்டியவன் திடுக்கிட்டேன். என் மனுவை முந்நூறு வருஷங்களுக்கு முன்பே யாரோ எழுதிவிட்டிருந்தார்கள்!

ஜார்ஜ் கோட்டையைக் கட்டிய கம்பெனியார் தங்கள் பிணங்களைக் கோட்டைக்கு வெளியே, பழைய கறுப்பர் பட்டணத்தின் ஓரத்தில் அடக்கம் செய்தார்கள். இன்று உயர் நீதிமன்றமும் பழைய சட்டக் கல்லூரிக் கட்டடமும் இருக்கும் பகுதி அது. கொய்யாத் தோட்டம் என்று அதற்குப் பெயர். சீமையிலிருந்து பணம் தேட வந்து இரண்டு மழைக்காலம் தாங்காமல் செத்தவர்களுக்கு அங்கே மாளிகை மாதிரி சமாதிகள் எழும்பின. மண்டபம் இருந்தால் நிழல் இருக்கும். நிழல் இருந்தால் ஜீவன்கள் வரும். 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கம்பெனியாருக்கு இதுதான் பெரிய விசாரம். சமாதிகளில் பிச்சைக்காரர்கள் தங்குகிறார்கள், எருமைகள் படுத்துக்கொள்கின்றன, தென்னை மரத்துக் கள்ளுக்காக வருகிறவர்கள் சத்தம் போடுகிறார்கள், நிம்மதியாக ஒரு பிரேதத்தைக் கொண்டுபோய்ப் புதைக்க முடியவில்லை என்று புகார். ஆடு என்பதற்குப் பதில் எருமை, அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆனால் அந்தச் சமாதிகள் எருமைகளால் போகவில்லை. 1758 டிசம்பரில் லாலியின் பிரெஞ்சுப் படை சென்னையை முற்றுகையிட்டது. கோட்டையிலிருந்து வரும் குண்டுகளுக்கு ஒதுங்கி நிற்க, அந்த உயரமான சமாதிகள் பிரெஞ்சுக்காரர்களுக்கு வெகு சௌகரியமாக இருந்தன. 1759 பிப்ரவரியில் ஆங்கிலக் கப்பல்கள் வந்து முற்றுகை கலைந்தது. இனி ஒரு சத்துரு அங்கே மறைந்துகொள்ளக் கூடாது என்று ஆங்கிலேயர்களே தங்கள் பாட்டன்மாரின் சமாதிகளை இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். எழுத்துப் பொறித்த கற்களை மட்டும் பெயர்த்துக் கோட்டைக்குள், 1680-இல் கட்டி முடிந்த பரிசுத்த மேரி ஆலயத்தைச் சுற்றிப் பாவினார்கள். அங்கும் அவற்றுக்கு அமைதி இல்லை. ஹைதர் அலியோடு யுத்தம் நடந்த 1782-இல், பீரங்கிகளை நிறுத்திவைக்கச் சில கற்களைக் கோட்டைக் கொத்தளத்துக்குத் தூக்கிப் போனார்கள்.

அந்தக் கற்களைப் பார்க்க வேண்டும் போல் இருந்தது. ரயிலேறிச் சென்ட்ரலில் இறங்கிக் கோட்டைக்குப் போனேன். ஆங்கிலம், லத்தீன், போர்த்துகீஸ், ஆர்மீனியம் என்று பல பாஷைகளில் நூற்றுக்கு மேற்பட்ட கற்கள். 1652-இல் இறந்த எலிசபெத் பேக்கர் என்ற அம்மாளின் கல்லும் அங்கே இருக்கிறது. இந்தியாவில் உள்ள ஆங்கிலேயர் கல்லறைக் கற்களில் இதுவே மிகப் பழையது என்கிறார்கள். கல் இங்கே இருக்கிறது. அந்த அம்மாள் இங்கே இல்லை. அவளுடைய எலும்பு எங்கோ மண்ணுக்குள், பெயரில்லாமல் கிடக்கும்.

கொய்யாத் தோட்டத்தில் இடிபடாமல் தப்பியவை மிகச் சில. அவற்றில் ஒன்று, 1680-இல் இறந்த ஜோசப் ஹின்மருக்கு எழுப்பிய கூர்நுனிக் கோபுரம். அவர் விதவையைத்தான் எலிஹு யேல் கல்யாணம் செய்துகொண்டார். மேரி ஆலயத்தில் நடந்த முதல் கல்யாணம் அதுவே. பின்னால் சென்னைக் கவர்னராகி, அமெரிக்காவின் யேல் கல்லூரிக்குப் பெயர் கொடுத்தவர் அவர்தான். அவர்களுடைய சிறு பிள்ளை டேவிட் 1688-இல் இறந்துபோக, அந்தக் கோபுரத்தின் அடியிலேயே புதைத்தார்கள். பீரங்கிக்குத் தப்பிய இந்தக் கோபுரத்தை வேறு இடத்துக்கு மாற்றும்படி 2023-இல் உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. வண்டிகள் நிறுத்தப் பல அடுக்குக் கட்டடம் எழுப்ப இடம் வேண்டியிருந்ததாம்.

திரும்பி வந்த சாயங்காலம் கல்லறைத் தோட்டத்துப் பக்கம் போனேன். ஆயா ஆடுகளை ஒன்று சேர்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆயா, உங்க மனுஷங்க யாராவது இங்கே இருக்காங்களா?"

"யாரும் இல்ல சார். அந்த மூலையில சின்னக் கல்லு தெரியுது பாருங்க, அது ஒரு கொழந்தையோடது. பேரெல்லாம் அழிஞ்சு பூட்ச்சு. ஆடு அத்த மிதிக்காம மட்டும் பாத்துக்குவேன்."

பத்து வருஷமாக அந்தத் தெருவில் குடியிருக்கிறேன். அங்கே ஒரு குழந்தையின் கல்லறை இருப்பது எனக்குத் தெரியாது. மனுவில் கையெழுத்துப் போட்ட மற்றவர்களுக்கும் தெரிந்திராது என்றே நினைக்கிறேன்.

மறுநாள் சபைச் செயலரைப் பார்த்து என் பெயரை அடித்துவிட்டு வந்தேன். மதிலைக் கட்டத்தான் வேண்டும். ஆனால் ஓர் ஆயா நுழைகிற அளவுக்கு ஒரு வழி விடுங்கள் என்று சொல்லிப் பார்த்தேன். யோசிக்கிறோம் என்றார். மனுவில் இப்போது முதல் கையெழுத்து எதிர் வீட்டுக்காரருடையது. அவர் என்னோடு பேசுவதில்லை. என் வாக்கியத்தை மட்டும் அப்படியே வைத்துக்கொண்டிருக்கிறார்கள்.