சந்திரகிரி ராஜமகாலும் ஒரு துபாஷி வேலையும்

போன மாசம் என் மேசைக்கு ஒரு கோப்பு வந்தது. நம்ம ஊர்ப் பக்கத்து மாங்கூழ், மிளகாய், நிலக்கடலை ஏற்றுமதிக்காரர்கள் சிலர் வணிகக் குழுவாக டொரண்டோ வருகிறார்கள். அவர்களுக்கு இங்கே ஒரு காண்டிராக்டர் வேண்டும். வாங்குகிறவர்களைத் தேடிப் பிடிக்க, சந்திப்புகள் ஏற்பாடு செய்ய, ஒருத்தர் பேசுவதை இன்னொருத்தருக்குப் புரியவைக்க. ஒப்பந்த நகலைப் பார்த்துச் சொல்லுங்க என்று மேலாளர் என்னிடம் தள்ளிவிட்டார். உங்க ஊர்க்காரங்கதானே என்று ஒரு சிரிப்பு வேறு.

படிக்கப் படிக்க எனக்கு ஞாபகம் வந்தது ஒரே வார்த்தைதான். துபாஷி!

நான் சித்தூர்க்காரன். எட்டாவது படிக்கும்போது பள்ளிக்கூடத்தில் சந்திரகிரிக்குக் கூட்டிப்போனார்கள். திருப்பதியிலிருந்து பக்கம்தான் (2022லிருந்து திருப்பதி மாவட்டம்). ராஜமகால் வாசலில் நிறுத்தி, "இங்கதான் மெட்ராஸை வெள்ளைக்காரனுக்கு எழுதிக் குடுத்தாங்க" என்றார் வாத்தியார். நாங்கள் புளியோதரைப் பொட்டலத்தைப் பிரிப்பதிலேயே குறியாக இருந்தோம்.

வாத்தியார் சொன்னது பாதி சரி. முதல் சாசனம் 1639 ஆகஸ்டில் தாமர்ல வேங்கடாத்ரி நாயக்கர் கொடுத்தது. வந்தவாசிப் பக்கத்தை ஆண்டவர், விஜயநகர அரசருக்கு அடங்கியவர். அவருடைய தம்பி ஐயப்ப நாயக்கர் இருந்தது பூந்தமல்லியில். பேரம் பேசியவர் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஃபிரான்சிஸ் டே. சந்திரகிரியின் பங்கு பிறகு வருகிறது. 1642ல் பட்டத்துக்கு வந்த மூன்றாம் ஸ்ரீரங்க ராயர் 1645ல் கம்பெனிக்குத் தன் பெயரில் ஒரு சாசனம் கொடுத்தார். ராஜமகால் கதை அதிலிருந்துதான் ஒட்டிக்கொண்டது.

டே எதற்கு வந்தார்? துணிக்கு. மசூலிப்பட்டினத்தில் கம்பெனிக்குக் கிடங்கு இருந்தது, ஆர்மகானிலும் ஒன்று. ஆனால் மதராசப்பட்டினத்தில் துணி இருபது சதவீதம் மலிவு என்று டே எழுதினார். நாயக்கருக்கும் ஆசை இருந்தது. வியாபாரம் பெருகும், பாரசீகக் குதிரைகள் வாங்கலாம், ஆபத்துக்கு ஒதுங்க ஒரு கோட்டையும் கிடைக்கும்.

என் வங்கிப் புத்தி நின்ற இடம் சாசனத்தில் ஒரு பிரிவு. கம்பெனி வியாபாரிகளுக்கும் நெசவாளிகளுக்கும் சாயக்காரர்களுக்கும் முன்பணம் கொடுக்கும் இல்லையா? முன்னதாக நாயக்கரிடம் சொல்லி அவர் சம்மதம் வாங்கிக் கொடுத்திருந்தால், பாக்கி நின்றால் அவரே ஈடுகட்டுவார், அல்லது அந்த ஆள் தன் எல்லைக்குள் இருந்தால் பிடித்து ஒப்படைப்பார்! இருபது வருஷமாக நான் பார்க்கிற வங்கி உத்தரவாதம் இதேதான். ஒரே வித்தியாசம், நாங்கள் ஆளைப் பிடித்துக் கொடுப்பதில்லை :-)

கோட்டைச் செலவுப் பிரிவு இன்னும் சுவாரஸ்யம். முடியும்வரை நாயக்கர் செலவு செய்வார், ஆங்கிலேயர் குடியேறும்போது திருப்பித் தருவார்கள் என்பது எழுத்தில் இருந்தது. 1640 பிப்ரவரியில் டேயும் கோகனும் வந்து இறங்கினால் காசைக் காணோம். கட்டும் செலவு முழுதும் கம்பெனி தலையில். முடியும்வரை வட்டியை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று டே சொல்லியிருந்தாராம், அதுவும் நடக்கவில்லை. லண்டனில் டைரக்டர்கள் கொதித்துப் போனார்கள். கையெழுத்துப் போட்டவருக்கு எதிராளியின் மொழி தெரியாது என்பதை நினைத்தால் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

அந்த இடைவெளியில்தான் துபாஷி வருகிறார். இரண்டு பாஷைக்காரர் என்பதுதான் வார்த்தையின் அர்த்தம். ஆனால் மொழிபெயர்ப்பு அவர் வேலையில் சின்னப் பகுதி. டேக்கு உதவியதாக மரபாகச் சொல்லப்படுகிறவர் பேரி திம்மண்ணா (திம்மப்பா என்றும் சொல்வார்கள்). பிறகு கம்பெனியின் தலைமை வியாபாரியானவர். வேலை எப்படி நடந்தது? கம்பெனி முன்பணம் கொடுக்கும். இவர் அதைச் சின்ன வியாபாரிகளுக்குப் பிரித்துக் கொடுப்பார், அவர்கள் நெசவாளிகளுக்கு. மாதிரித் துணிக்கு ஒத்துப்போகாததைக் கிடங்கில் தள்ளிவிடுவார்கள். கப்பல் வருவதற்குள் நெசவாளி பஞ்சத்தில் ஊரை விட்டுப் போனால் கணக்கில் துண்டு விழும். துண்டை யார் கட்டுவது? பெரும்பாலும் நடுவில் நிற்கிறவர். அவருக்குப் பின் தலைமை வியாபாரியாக இருந்து 1680ல் இறந்த காசி வீரண்ணா மற்ற வியாபாரிகளைச் சேர்த்துக் கூட்டுப் பங்கு போட்டு நடத்தினார். ஒருத்தர் தலையில் விழும் நஷ்டம் நாலு பேருக்குப் பிரியும் என்பதுதான் அதில் கணக்கு என்று நான் நினைக்கிறேன்.

திம்மண்ணா பெயர் ஒரு கோயிலோடு சேர்ந்து நிற்கிறது. சென்னகேசவப் பெருமாள் கோயிலுக்கு 1648ல் தானம் எழுதிவைத்தார். முதலில் அது இன்றைய உயர்நீதிமன்றப் பக்கம் இருந்தது. பிரெஞ்சுக்காரர்களோடு சண்டை நடந்த காலத்தில் கம்பெனி அதை இடித்தது. பிறகு பூக்கடையில் திரும்ப எழுந்தது. அதற்கு முன்நின்ற மணலி முத்துக்கிருஷ்ண முதலியாரும் கவர்னர் பிகட்டின் துபாஷிதான். ஃபிரான்சிஸ் டே பெயர் பள்ளிக்கூடப் புத்தகத்தில் வருகிறது. திம்மண்ணாவைத் தெரிந்தவர் எத்தனை பேர்?

ஸ்ரீரங்க ராயரின் கதையும் சோகம்தான். சாசனம் எழுதிய மை காய்வதற்குள் கோல்கொண்டா படை வந்தது. கம்பெனிக்காரர்கள் அலட்டிக்கொள்ளவில்லை, மீர் ஜும்லாவிடம் போய் அதே உரிமைகளைப் புதுப்பித்துக்கொண்டார்கள். சந்திரகிரியில் இப்போது ராஜமகால் அருங்காட்சியகம்.

சரி, என் கோப்புக்கு வருகிறேன். ஒப்பந்தத்தில் காண்டிராக்டர் சம்பளம், ஓட்டல், கார் எல்லாம் பைசா சுத்தமாக இருந்தது. அவர் காட்டுகிற ஆள் சரக்கை வாங்கிக்கொண்டு பணம் தராவிட்டால் யார் பொறுப்பு என்று ஒரு வரி இல்லை. எந்த மொழியில் எழுதியது செல்லும் என்பதும் இல்லை. இரண்டையும் சிவப்பு மையில் கேட்டு மேலாளரிடம் திருப்பிக் கொடுத்தேன்.

"இதுக்கு நீங்க நாலு நாளா எடுத்துக்கிட்டீங்க?" என்றார்.

முந்நூற்றெண்பது வருஷம் என்று சொல்ல வந்து, வாயை மூடிக்கொண்டேன்.